துண்டு போட்ட பள்ளத்தாக்கு

“வேட்டைக்கு நீங்களே எதுக்குப் போறீங்க, சித்தி? உங்ககிட்ட ஒரு துண்டுகூடவா இல்ல?”

அக்கா மகள் யாழ்மொழி ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இப்படிக் கேட்டாள். தில்லைநாயகி அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். கேட்டவள் மேல் தப்பில்லை. நெடுங்கோளில் பிறந்து வளர்ந்த பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு, வேட்டைக்கு ஆள் போவது என்பது கேள்விப்பட்டே இராத சங்கதி. வேட்டைக்குத் துண்டுதான் போகும். ஆள் வீட்டில் இருப்பார்.

பூமியிலிருந்து வந்து இறங்கிய முதல் தலைமுறை அப்படி இல்லை. அவர்கள் பசியோடு இறங்கியவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை உப்புவெளியிலிருந்து பள்ளத்தாக்குக்குள் வரும் ஒளிமாக்களை அவர்கள் கொன்று தின்றார்கள். ஒளிமா என்பது ஐந்து பனை உயரம் நிற்கும் மிருகம். எலும்பு கிடையாது. கண்ணாடி போன்ற உடம்புக்குள் வெளிச்சம் ரத்தம்போல ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்றைக் கொன்றால் ஊருக்கே மூன்று மாதம் சாப்பாடு. ஆனால் செத்த பிறகும் அதன் வெளிச்சம் உடனே அணையாது. பதினொரு நாள் மங்கி மங்கி எரியும். அந்தப் பதினொரு நாளும் ஊரில் யாரும் யாரோடும் சத்தமாகப் பேசமாட்டார்களாம்.

அதைத் தாங்க முடியாமல்தான் இரண்டாம் தலைமுறை துளியம்பைக் கண்டுபிடித்தது. ஊசிமுனை அளவு அம்பு. மிருகத்தின் மேல் பட்டு, ஒரே ஒரு துளி ஊன் எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடும். மிருகத்துக்கு அது கொசுக்கடி. அந்தத் துளியை வீட்டிலிருக்கும் ஊன்தொட்டியில் விட்டால் ஒரு குடும்பத்துக்கு ஓராண்டுக்கான கறி வளரும். கொலை நின்றது. வேட்டை நிற்கவில்லை. குற்ற உணர்ச்சி போனதும் எல்லோருக்கும் வேட்டைக்காரர் ஆகும் ஆசை வந்துவிட்டது. நாற்பது பேர் இருந்த இடத்தில் நானூறு பேர், அப்புறம் நாலாயிரம் பேர்.

பள்ளத்தாக்கில் கால் வைத்தால் முழங்கால் வரை சேறு. உட்கார வேண்டுமென்றால் சேற்றுக்கு மேலே தலை நீட்டியிருக்கும் பாறைகளில்தான் உட்கார வேண்டும். மொத்தம் மூவாயிரத்து இருநூறு பாறைகள். பாறைக்குப் பாறை பலகைப் பாதை போட்டிருந்தார்கள். அங்கேதான் நம் ஆட்களின் கைவரிசை தொடங்கியது. முதல்நாளே வந்து பாறைமேல் துண்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். துண்டு கிடக்கும் இடத்தில் இன்னொருவர் உட்காரக் கூடாது என்பதைப் பூமியிலிருந்து யாரும் எழுதிக் கொண்டுவரவில்லை. அது ரத்தத்தோடு வந்திருந்தது.

பிறகு துண்டுக்கும் புத்தி வந்தது. காப்புத்துண்டு என்று ஒன்று செய்தார்கள். மாதக்கணக்கில் மழையிலும் வெயிலிலும் கிடக்கும். உரியவரின் வேட்டைச்சீட்டு அதற்குள்ளேயே இருக்கும். ஓரத்தில் துளியம்பு எய்ய ஒரு குட்டித் துப்பாக்கி. மிருகம் அருகே வந்தால் வீட்டுக்குத் தகவல் போகும். வீட்டிலிருப்பவர் விரலசைத்தால் அது சுடும். தரை அதிர்ந்தாலோ நிழல் விழுந்தாலோ துண்டே குரல் கொடுக்கும்: “ஆள் வராங்க! இங்க ஆள் வராங்க!” உடம்புச் சூடு பட்டால்தான் வாயை மூடும்.

இதில் தில்லைக்கு ஒரு சிக்கல். வரவு நாள் என்று ஆண்டுக்கு ஒரு நாள் உண்டு. அன்றைக்கு நண்பகல் சங்கிலிருந்து மாலைச் சங்கு வரை சீட்டு ஏதாவது ஒரு பாறையில் இருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று ஆண்டு இல்லையென்றால் சீட்டு ரத்து. சீட்டு இல்லாதவருக்குப் பள்ளத்தாக்கின் கதவு ஆயுசுக்கும் திறக்காது. துண்டு கிடந்தால் ஆள் இருந்ததாகக் கணக்கு. தில்லையோ துண்டு வாங்கவில்லை; தானே வந்தாள். போன ஆண்டும் அதற்கு முந்தின ஆண்டும் எல்லாப் பாறையிலும் துண்டு கிடந்தது. நாள் முழுக்கப் பலகைமேல் நின்றுவிட்டுத் திரும்பினாள். அவள் வந்ததாக எங்கும் பதிவாகவில்லை.

பாசித் தொட்டிகளில் வேலை பார்க்கும் அவளுக்கு இந்தப் பள்ளத்தாக்கைத் தவிர வேறு கிறுக்கு எதுவும் கிடையாது. பத்தொன்பது வயதில் முதல்முறை வந்தபோது, வெகு தொலைவில், பனிக்குள் ஒரு ஒளிமா போவதைப் பார்த்தாள். துப்பாக்கி மடியில் இருந்தது. சுட மறந்துபோனாள். அப்புறம் பதினெட்டு ஆண்டுகளாக, அதை இன்னொரு தடவை கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும் என்றே வந்துகொண்டிருந்தாள்.

இந்த ஆண்டு கதவருகே காவலர் குஞ்சிதபாதம் அவளைக் கண்டதும் தேநீர்க் குவளையைத் தூக்கிக் காட்டினார்.

“வாங்கம்மா. மூவாயிரத்து இருநூறு பேர் உள்ள இருக்காங்க. ஒருத்தருக்கும் மூச்சு மட்டும் இல்ல.”

“ஒரு பாறைகூடக் காலி இல்லையா?”

“காலியா? மிருகம் கொறையுதுன்னு போன வருஷம் செய்தி வந்துச்சே, அதுக்கப்புறம் துண்டு ரெண்டு மடங்கு விக்குது. முடியறதுக்குள்ள இடம் பிடிக்கணுமாம்.”

செய்தி உண்மைதான். இரண்டு ஆண்டுகளாக ஒளிமாக்கள் பள்ளத்தாக்கின் வாசல் வரை வந்து திரும்பிவிடுகின்றன. சேற்றில் சின்னஞ்சிறு குட்டிகள் ஒளி அணைந்து கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். ஏதோ நோய் என்றார்கள் அறிஞர்கள்.

“இது எனக்கு மூணாவது வருஷம்” என்றாள் தில்லை.

குஞ்சிதபாதம் தாடையைச் சொறிந்தார். “ஒண்ணு சொல்றேன், நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க. துண்டு கிடக்கிற பாறையில ஆள் உக்காரக் கூடாதுன்னு சட்டத்துல எங்கயும் எழுதல. ஆளே சீட்டோட உக்காந்தா ஆளுக்குத்தான் கணக்கு. இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்ல, அவ்ளோதான்.”

தில்லைக்கு உடம்பு கூசியது. அடுத்தவர் துண்டின்மேல் உட்காருவதா?

பலகைப் பாதையில் நடந்தாள். அவள் நிழல் விழ விழ இருபுறமும் துண்டுகள் கத்தின. “ஆள் வராங்க!” “அம்மா, ஆள் வராங்க!” சிவப்பு, நீலம், கோடு போட்டது, பூப்போட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாறையெல்லாம் துண்டு, மனிதவாடையே இல்லை. நண்பகல் சங்கு ஊதச் சில நிமிடங்களே இருந்தபோது, நாற்பத்தோராம் பாறையில் பழக்கமான பச்சைத் துண்டைப் பார்த்தாள். அக்காவின் கணவர் மாசிலாமணியுடையது. அவர் ஆறு ஆண்டுகளாக இந்தப் பக்கமே வந்ததில்லை. ஆனால் விருந்தாளி யார் வந்தாலும் “நாற்பத்தோராம் பாறை நம்மளோடது” என்று தொடங்கிவிடுவார்.

அந்நியர் துண்டு என்றால் துணிந்திருக்க மாட்டாள். சொந்தக்காரர் துண்டுதானே என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். துண்டு ‘ஆள்’ என்று பாதியில் நிறுத்தி வாயை மூடியது. சங்கு ஊதியது. கையிலிருந்த சீட்டில் பச்சைப் புள்ளி எரிந்தது. இரண்டு ஆண்டுகளில் முதல்முறையாக அவள் இங்கே இருக்கிறாள்.

சிறிது நேரத்தில் காதுச்சில்லு அதிர்ந்தது. அத்தானின் குரல்.

“யாரு அது என் பாறையில? அறுபத்தெட்டு கிலோவுக்கு யாரோ உக்காந்திருக்காங்கன்னு துண்டு சொல்லுது.”

“நான்தான், அத்தான். அறுபத்தாறு.”

“தில்லையா! அட எழுந்திரும்மா. மச்சினிச்சியே துண்டு மேல உக்காந்துட்டான்னு ஊர்ல தெரிஞ்சா என் மானம் என்ன ஆகறது?”

“நீங்க வரப் போறீங்களா?”

“நான் எதுக்கு வரணும்? அதான் துண்டு போட்டிருக்கேன்ல!”

“மாலைச் சங்கு வரைக்கும்தான், அத்தான். எந்திரிச்சா என் சீட்டு போயிடும்.”

மறுமுனையில் அக்கா உமையாள் ஏதோ சொல்வது கேட்டது. அத்தான் முணுமுணுத்தார். “சரி சரி. காலால மிதிக்காம உக்காரு. புதுத் துண்டு.”

பிற்பகல் முழுவதும் ஒன்றுமில்லை. சிறுசூரியன் சிவந்து இறங்கியது; பனி மூடியது. சங்குக்கு இன்னும் அரைமணி இருக்கும்போது தூரத்துப் பாறைகளில் ஒரு துண்டு கத்தியது. பிறகு பத்து. பிறகு நூறு. “ஆள் வராங்க, ஆள் வராங்க” என்ற ஓசை பள்ளத்தாக்கின் வாசலிலிருந்து மழைபோல நெருங்கி வந்தது. தில்லையின் அடியில் பாறை மெல்ல முனக ஆரம்பித்தது.

பனி விலகவில்லை; பனிக்குள்ளேயே விடிந்தது.

முதலில் கால்கள் தெரிந்தன. விளக்கின்மேல் கையை வைத்து மூடினால் விரல்களுக்கு இடையில் சிவப்பாக ஒரு வெளிச்சம் தெரியுமே, அந்த நிறத்தில், கோபுரத் தூண்கள்போல. ஒவ்வொரு அடிக்கும் உள்ளேயிருந்த வெளிச்சம் கீழே இறங்கி, நிதானித்து, மறுபடி மேலே ஏறியது. தலை எங்கே இருக்கிறது என்று தேடி அவள் கழுத்தை வளைத்து வளைத்து, கடைசியில் மல்லாந்தே விட்டாள். அழுகிறோம் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை பெரிதான ஒன்று இத்தனை மெதுவாகக் கால் எடுத்து வைக்க முடியுமா? சேற்றில் ஒரு சளக் சத்தமும் கேட்கவில்லை.

அதன் வயிறு தாழ்ந்து தொங்கியது. அதற்குள் இன்னொரு வெளிச்சம். சிறியது. படபடவென்று துடிப்பது.

ஒளிமா முப்பத்தேழாம் பாறையருகே நின்று தலையைத் தாழ்த்தியது. “ஆள் வராங்க!” என்றது துண்டு. எடுத்த காலை மிருகம் பின்னால் வைத்தது. அடுத்த பாறைக்குப் போனது. “இங்க ஆள் வராங்க!” மறுபடி பின்வாங்கியது. மூன்றாவது. நான்காவது. ஒவ்வொன்றிடமும் போய், கேட்டு, ஒதுங்கி, நகர்ந்து வந்தது. அந்தத் துண்டுகளுக்கு உரியவர்கள் யாரும் சுடவில்லை. இரண்டு ஆண்டுகளாக ஒன்றும் வராததால் துண்டிலிருந்து வீட்டுக்கு வரும் அழைப்பை அவர்கள் ஊமையாக்கி வைத்திருந்தார்கள்.

நாற்பத்தோராம் பாறை ஒன்றுதான் கத்தவில்லை. ஒளிமா அதன் எதிரே வந்து நின்றது.

வெதுவெதுப்பான காற்று தில்லையின் முகத்தில் பட்டது. மிருகம் அவளைப் பார்க்கவில்லை. பாறையைப் பார்த்தது. அப்போதுதான் அவளும் கீழே பார்த்தாள். பாறையின் நடுவே வழுவழுப்பாக ஒரு குழிவு. உட்கார வாட்டமாக இருக்கிறது என்று மூன்று தலைமுறையாக எல்லோரும் அதில்தான் உட்கார்ந்தார்கள். எல்லாப் பாறையிலும் அது உண்டு. மனிதன் இறங்குவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து, உடம்பு பட்டுப் பட்டுத் தேய்ந்த குழிவு. பகலெல்லாம் வெயில் குடித்துச் சூடாக இருந்தது. ஒரு குட்டி படுக்கிற அளவு.

இவை வழிநடையாகப் போகும் மிருகங்கள் இல்லை. பிள்ளை பெற இங்கே வருபவை. நோய் என்று எதுவும் இல்லை. இடம்தான் இல்லை.

“தில்லை!” காதில் அத்தான் கூவினார். “வந்திருக்குடி! துண்டு சொல்லுது! அசையாதே, சங்குக்குப் பத்தே நிமிஷம். உன் சீட்டும் தங்கும், எனக்கும் ஒரு துளி கிடைக்கும். துப்பாக்கிய உன் முழங்கால் மறைக்குது, கொஞ்சம் தூக்கிப் பிடிம்மா. அப்படியே ஒரு படம் எடு, பாறை நம்பர் தெரியற மாதிரி!”

பத்து நிமிடம். பத்து நிமிடம்தானே, நிற்காதா? தில்லை சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு, கிழவியாகும் வரை இதைப் பார்க்க வரலாம். மிருகத்தின் முன்னங்கால்கள் நடுங்கின. வயிற்றுக்குள் துடித்துக்கொண்டிருந்த சிறு வெளிச்சம் கீழே கீழே இறங்கியது. அது நின்ற இடத்திலேயே, சேற்றிலேயே, மண்டியிடத் தொடங்கியது.

தில்லை எழுந்தாள்.

எழுந்த கணமே துண்டு “ஆள் வராங்க” என்று கத்தியது. மிருகம் மிரண்டு தலையைத் தூக்கியது. அவள் குனிந்து துண்டைச் சுருட்டி எடுத்து, தோளைச் சுற்றிப் போர்த்தி, இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். உடம்புச் சூடு பட்டதும் அது அடங்கியது. கையிலிருந்த சீட்டில் பச்சைப் புள்ளி அணைந்தது.

“என்ன பண்ற? துண்டைப் பாறையிலேருந்து எடுத்துட்டியா? தில்லை, பேசும்மா!”

பலகைமேல் பத்தடி தள்ளி நின்று ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு பெரிய உடம்பும் தண்ணீர் வடிவதுபோல மெல்ல இறங்கிப் பாறையைச் சுற்றிப் படுத்தது. கொஞ்ச நேரம் எல்லா வெளிச்சமும் உள்ளுக்குள் ஒடுங்கி ஒரே புள்ளியாயிற்று. பிறகு குழிவில், ஈரமாக, உள்ளங்கை நிறத்தில் ஒன்று எரிந்தது. அதற்கு அப்பால், பள்ளத்தாக்கின் வாசலில், பனிக்குள் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரொளிகள் வரிசையில் நிற்பதை அவள் கண்டாள். அவற்றைப் பார்த்து மூவாயிரத்துச் சொச்சம் துண்டுகள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தன, ஆள் வராங்க, ஆள் வராங்க என்று.

மாலைச் சங்கு ஊதியபோது அவள் கதவருகே வந்திருந்தாள். குஞ்சிதபாதம் எழுந்து நின்று அவள் தோளுக்கு மேலாகப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் ஆறிப்போயிருந்தது.

“அங்க என்னம்மா அப்படி ஒரு வெளிச்சம்? உங்களுக்கு இடம் கிடைச்சுதா?”

காதில் அத்தான் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். தில்லை சீட்டைக் காவலரின் மேசைமேல் வைத்தாள். போர்த்திய துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டு கதவைத் தாண்டிப் போனாள்.