முழுநகலில் இல்லாத குஞ்சுகள்

நூறு நாள் கெடுவின் தொண்ணூற்றெட்டாம் நாள், காலை ஏழு மணிக்கு, செலின் வெள்ளக்கரடு குவாரியின் விளிம்பில் வண்டியை நிறுத்தினாள். நகலிக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, லாரிகள் ஏறி இறங்கிய பழைய சரிவுப் பாதையில் நடந்தாள். கீழே பள்ளத்தில் நின்ற தண்ணீர் பச்சையாக இருந்தது. பஞ்சுருட்டான் குருவிகள் மண்சுவரின் பொந்துகளிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தன.

நகல் வாரியத்தில் அவள் சான்று அலுவலர். பதினோரு வருட வேலை. ஓர் இடத்தைத் தொழிற்சாலைக்குக் கொடுப்பதற்கு முன் அங்கிருக்கும் எல்லாவற்றையும், பாறை அடுக்கு முதல் எறும்பு வரை, நகலி பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு நூறு நாள் புதிதாக எதுவும் கிடைக்காவிட்டால் முழுநகல் முடிந்தது என்று அவள் கையெழுத்திடுவாள். நகல் என்றென்றைக்கும் பத்திரம். அதனால் அசல் தேவையில்லை என்பது சட்டம். இடையில் புதிதாக ஒன்று கிடைத்தால் நூறு நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

வெள்ளக்கரடு ஒரு தரவுக் கிடங்குக்காகக் கேட்கப்பட்டிருந்தது. இயந்திரங்களைக் குளிர்விக்க அந்தத் தண்ணீர் வேண்டும். அந்தக் கிடங்கில் சேமிக்கப்படப் போவதும் இப்படிப்பட்ட முழுநகல்கள்தான்.

கொளஞ்சி பாதி வழியில், குவாரியின் இரண்டாம் வெட்டுத் தளத்தில் காத்திருந்தாள். ஐம்பத்தைந்து வயது. குவாரி ஓடிய காலத்தில் பத்தொன்பது வருஷம் இங்கே டிப்பர் ஓட்டியவள்.

“வாங்க மேடம். ஒண்ணு வச்சிருக்கேன்.”

“எல்லாமே உங்களுக்குத் தொண்ணூத்தெட்டாவது நாள்தான் கண்ணுல படுதா அக்கா?”

கொளஞ்சி சிரிக்கவில்லை. இதற்கு முன் நான்கு முறை இப்படித்தான் காட்டியிருக்கிறாள். ஊற்றுக் கசிவில் ஒரு பெரணிச் செடி. நகத்தளவு மீன். சுண்ணாம்புப் பாறையில் சுறாப் பல். ஒரு மண்குளவி. நான்குமே புதியவை. ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

முள்செடியை விலக்கிக் காட்டினாள். பாறைக்குள் கிடையாக ஒரு மரத்துண்டு, கல்லாகிப்போனது. கடல் புழுக்கள் துளைத்த ஓட்டைகள் அதில் விரல் விரலாகத் தெரிந்தன. ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தபோது மிதந்து வந்து அமிழ்ந்த மரம். செலின் நகலியைத் திருப்பினாள்.

‘கல்மரம். பதிவு எண் 212. முதல் வாரத்தில் பதிவானது.’

“முள்ளுக்குள்ள கெடந்தது எப்பிடிம்மா தெரிஞ்சுது?”

“அது முள்ளத் தாண்டியும் பாக்கும் அக்கா.”

கொளஞ்சி பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். “அவ்ளோதான். கையில இருந்த கடைசி இதான்.”

“மறைச்சு வச்சு ஒண்ணொண்ணா விட்டீங்களா?”

“வேற என்ன செய்யச் சொல்றீங்க? குவாரி மூடினப்புறம் இங்க வந்ததையெல்லாம் நாந்தான் படம் புடிச்சு உங்க வாரியத்து ஏட்டுக்கு அனுப்பினேன். முந்நூறு படம். பாத்தா காப்பாத்துவாங்கன்னு நெனச்சேன். அது நகலச் சீக்கிரம் முடிக்கத்தான் ஒதவுச்சுன்னு அப்புறம்தானே தெரிஞ்சுது.” மேலே வெட்டுச் சுவரைக் காட்டினாள். “அந்தச் செவுரு நாங்க வெடி வச்சுப் பொளந்தது. அதுல ஆந்தை வந்து குடியிருக்கும்னு யாரு கண்டா? மனுசன் கெடுத்த எடத்த அதுவா வந்து சரி பண்ணுது. அதையும் எடுத்துக் குடுத்துட்டேனேன்னு இருக்கு.”

செலின் வெட்டுச் சுவரை அண்ணாந்து பார்த்தாள். அவள் கையெழுத்திட்ட ஏழு இடங்கள் இப்போது இல்லை. அதில் ஓர் ஏரியின் நகலை ஒருமுறை வாரியத்தின் காட்சியறையில் போய்ப் பார்த்தாள். அங்கே எப்போதும் அதே காலை. அதே மீன்கொத்தி அதே கிளையிலிருந்து அதே மீனுக்குப் பாய்ந்தது. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள், பிறகு போகவில்லை.

சுவரில் ஏதோ சீறியது. திட்டில் இரண்டு கொம்பன் ஆந்தைக் குஞ்சுகள், சாம்பல் பஞ்சுருண்டைகளாக, அவர்களை முறைத்துக்கொண்டு இறகை விரித்து நின்றன. செலின் பழக்கத்தில் நகலியை உயர்த்தினாள். ‘கொம்பன் ஆந்தை. பதிவு எண் 41.’

“இதுங்க எப்பப் பொறந்துச்சு?”

“மாசிக் கடைசியில. இன்னும் பறக்கல.”

“நகல் எடுத்தது போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில.”

“ஆமா. ஆந்தைதான் அதுல இருக்கே மேடம்.”

“ஆந்தை இருக்கு. இதுங்க ரெண்டும் இல்லயே அக்கா.”

நகலியின் தானியங்கி முடிவை நீக்கிவிட்டு, அவள் கையாலேயே எழுதினாள்: புதியவை, இரண்டு. இரண்டாம் முறை உறுதி கேட்டது. கொடுத்தாள்.

மறுநாளே தரவுக் கிடங்கு நிறுவனத்தின் திட்ட மேலாளர் நிரஞ்சன் அழைத்தார். கோபக்காரர் இல்லை, உண்மையிலேயே குழம்பியிருந்தார்.

“மேடம், குஞ்சு பொரிக்கிறதெல்லாம் புதுசுன்னா எந்த இடமும் முடியவே முடியாதே?”

“முடியாது சார்.”

“அப்ப இந்தச் சட்டமே எதுக்கு?”

“அதைத்தான் நானும் இத்தனை வருஷமாக் கேக்காம விட்டுட்டேன்.”

திருச்சியில் செலின்மீது வாரிய விசாரணை நடந்தது. வாரியத் தலைவர் ஒரே கேள்விதான் கேட்டார். முன்பு கையெழுத்திட்ட ஏழு இடங்களிலும் நூறு நாட்களுக்குள் குஞ்சுகள் பிறந்திருக்கும். அவற்றை அவள் எழுதவில்லை. இப்போது செய்தது சரியென்றால் அந்த ஏழும் தவறா? அவளுடைய வழக்கறிஞர் பதில் சொல்ல வேண்டாம் என்று கையைத் தொட்டார்.

“தவறுதான் ஐயா. ஏழும்,” என்றாள் செலின்.

வேலை போயிற்று. ஆனால் அந்தப் பதில் தீர்ப்பாயம் வரை போனது. இறுதித் தீர்ப்பு வரும்வரை புதிதாகப் பிறப்பவையும் புதியவையே என்று இடைக்கால ஆணை வந்தது. ஒரு நிபந்தனையும் இருந்தது: இடத்தைக் காக்க நினைப்பவர்களே, நூறு நாளுக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் தனி உயிர் என்று அடையாளத்தோடு நிறுவ வேண்டும். வெள்ளக்கரட்டோடு இன்னும் பன்னிரண்டு இடங்கள் அப்படியே நின்றன.

இரண்டு வருடம் கழித்து, ஒரு பங்குனிக் காலையில், செலின் தனியார் பள்ளியொன்றில் கிடைத்த புதிய வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வெள்ளக்கரட்டுக்குப் போனாள். கொளஞ்சி கழுத்தில் கைநகலியோடு மண்சுவருக்கு முன்னால் நின்றிருந்தாள். கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது.

“வாம்மா. அங்க நிக்காத, பொந்து மறையுது. இருவத்தாறு... இல்ல, இருவத்தேழு.”

அவள் இப்போது மேடம் என்று கூப்பிடாததை செலின் கவனித்தாள். “எப்பிடி இருக்கீங்க அக்கா?”

“இருக்கேன். நூறு நாளைக்குள்ள எல்லாத்தையும் எண்ணணும். மூக்குல கோடு, றெக்கையில புள்ளி, எல்லாம் எழுதணும். ஒண்ணு தப்பிருந்தா கம்பெனிக்காரன் ஆட்சேபணை போடறான்.” நகலியைக் கீழே இறக்கினாள். “முன்னாடி வேலை முடிஞ்சு வந்து சும்மா உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன். இப்பப் பாக்கறதே இல்லம்மா. எண்றதுதான்.”

“அதைக் கழட்டிக் குடுங்க.”

“ஒனக்கு எதுக்கு இந்த வேலை?”

“பதினோரு வருஷம் செஞ்சிருக்கேன். குடுங்க.”

கொளஞ்சி தயங்கித் தயங்கித்தான் கழற்றிக் கொடுத்தாள். பாறைமேல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவள் உதடுகள் பழக்கத்தில் எண்ணிக்கொண்டே இருந்தன. செலின் இருபத்தெட்டாவது பொந்தைப் பதிவு செய்துவிட்டுத் திரும்பியபோது அந்த உதடுகள் அசையவில்லை. பஞ்சுருட்டான் ஒன்று தட்டானைக் கல்லில் அடித்துத் தின்றுகொண்டிருந்தது. கொளஞ்சி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.