வெய்யோவுக்கு வந்த பச்சை விளக்கு

"ஆ...!"

அலறல் கேட்டு இன்ஜினியர் கெர்ட்டு ஓடி வந்தபோது, காகித உருளைகளுக்கு நடுவே மெக்கானிக் வெய்யோ சிக்கிக் கிடந்தான்.

விரல் இன்னும் சிவப்புப் பொத்தான் மேல்!

உருளை நிற்கவில்லை. கெர்ட்டு மெயின் சுவிட்சை இழுத்த பிறகுதான் நின்றது. வெய்யோவின் மூச்சு அதற்கு முன்பே நின்றிருந்தது.

காலை மணி ஒன்பது பத்து.

பதினொரு மணிக்கு ஏரிக்கரை ஆலையின் கன்ட்ரோல் ரூமில் போலீஸ் இன்ஸ்பெக்டர் பிர்க்கோ மூன்றாவது காபியில் இருந்தாள்.

"மெஷின்களை இயக்குற கன்ட்ரோலர்களுக்குள்ள தகவல் போற வழியைப் போட்டது யாரு?"

"இதோ, இந்தம்மாதான்!" மேனேஜர் ரைமோ கெர்ட்டுவைக் கை காட்டினார். "இருபது வருஷ சர்வீஸ்... ஒரு பொத்தானை ஒழுங்கா இணைக்கத் தெரியல. கூட்டிட்டுப் போங்க!"

"நான் போட்டது சரியாத்தான் இருந்துச்சு," கெர்ட்டு சீறினாள். "பொத்தானை அமுக்கினா நாலாம் கன்ட்ரோலர், ஏழுக்குச் சொல்லும். ஏழு, உருளையை நிறுத்தும். நேத்து சாயங்காலம் யாரோ ஏழுங்கறதை அழிச்சிட்டுப் பதினொன்னுன்னு மாத்தியிருக்காங்க!"

"பாஸ்வேர்டு?"

"என்கிட்ட இருக்கு. இவர்கிட்டயும்."

"வெய்யோ பொத்தானைச் சோதிக்காமலா உள்ள போனான்?"

கெர்ட்டு பொத்தானின் பதிவைத் திரையில் காட்டினாள்.

"சோதிச்சான். எட்டு பத்துக்கு. அப்போ உருளை ரிப்பேருக்காக நின்னுதான் இருந்துச்சு. 'தகவல் சேர்ந்துச்சு'ன்னு பச்சை விளக்கு எரிஞ்சிருக்கு. பதில் சொன்னது பதினொன்னுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? நம்பிப் போயிட்டான், பாவி..."

ரைமோ தயாரித்த போலிப் பாதுகாப்பு அறிக்கையை மதியம் அரசுத் தொழிற்சாலை ஆய்வாளரிடம் கொடுப்பதாக இருந்தவன் வெய்யோ!

பிர்க்கோ திரும்பினாள்.

"ஒன்பது மணிக்கு மேல யாரோ உருளையை ஓட விட்டிருக்காங்க. நீங்க எங்க இருந்தீங்க, ரைமோ?"

"நம்ம ஆலை சவுனாவுல, அதான் நீராவிக் குளியல் அறையில! எட்டு மணிக்கு அடுப்பைப் போட்டேன். எட்டே முக்கால்லேர்ந்து ஒன்பதரை வரைக்கும் உள்ளதான். கல்லுல தண்ணி ஊத்தினா... அப்பப்பா, என்ன சூடு! தொப்பலா வேர்த்துப் போச்சு!"

கெர்ட்டு சிரித்தாள். கண்ணில் நீர்.

"பழைய வரைபடத்தைப் பார்த்து மாத்தியிருக்கீங்க ரைமோ. அதுல பதினொன்னு, பூட்டிக் கிடக்கிற கிடங்கோட விசிறி. போன மாசமே அந்தக் கன்ட்ரோலரைக் கழட்டி சவுனாவோட கரன்ட் அடுப்புக்குப் போட்டுட்டேன்."

"அ... அதனால?"

"எட்டு பத்துக்கு வெய்யோ பொத்தானை அமுக்கினதும் அடுப்பு நின்னு போச்சு. இந்த நிமிஷம் வரைக்கும் யாரும் திரும்பப் போடல. வெறும் பத்து நிமிஷச் சூடு! அப்புறம் எதுக்கு உங்களுக்கு வேர்த்துச்சு, ரைமோ... வெய்யோ அலறினதுக்கா?"