மணி அடிக்கும் வரை

ஊசி குத்தியது வலிக்கவில்லை.

ரத்த அணுக்களுக்கு நிறமேற்றும் சாயத்தில் புது பாட்டில் திறந்தால், முதலில் தன் ரத்தத்தை ஸ்லைடில் தடவிப் பார்ப்பது அவள் வழக்கம். மருத்துவமனையே அவளை ‘லேப் அக்கா’ என்றுதான் கூப்பிடும். மதிய வெயில் ஜன்னலில் காய, சாயத்தின் காட்டம் மூக்கில் ஏற, மூலையில் குளிர்பெட்டி விடாமல் உறுமிக்கொண்டிருக்க, இன்னொரு முறை அழுத்திக் குத்தினாள். விரல் மரக்கட்டை மாதிரி கிடந்தது.

போன மாதமும் இப்படித் தடவியபோது, பக்கத்திலேயே தம்பியின் ஸ்லைடும் இருந்தது. மேல்மாடியில் நிணநீர்ப் புற்றுநோயோடு படுத்திருந்த அவனுக்கு, வெள்ளை அணுக்களில் லிம்போசைட் வகை அருகி, மோனோசைட் வகை ஏறியிருந்தது. அந்தக் கணக்கு வந்தவர்கள் அதிக நாள் தாங்கி அவள் பார்த்ததில்லை.

“லிம்போசைட் இன்னும் இறங்கினா மருந்தை நிறுத்திடலாம்மா” என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தார்.

பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டாள். அவன் பெயரில் அவள் ரத்தம், அவள் பெயரில் அவன் ரத்தம். கூடப்பிறந்தவனுக்கு இதுகூடச் செய்யாமல் என்ன அக்கா?

மருந்து தொடர்ந்தது. தம்பி தேறினான். டாக்டரே மூக்கின் மேல் விரல் வைத்தார்.

இப்போது மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் நிமிரவில்லை. லிம்போசைட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக. மோனோசைட்டுகள் கூட்டமாக. தம்பியின் அதே கணக்கு, அவள் ரத்தத்தில். பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம்தான் வரவில்லை.

கதவு திறந்தது.

“அக்கா, ரெண்டு தடவை சாப்பிட்டேன். இன்னும் பசிக்குது.”

தம்பிக்குக் கன்னம் உப்பியிருந்தது. எதிரே உட்கார்ந்து, அணுக்களை எண்ணும் கருவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பார்க்கும் ஒவ்வோர் அணுவுக்கும் ஒருமுறை பொத்தானை அழுத்த வேண்டும். நூறானால் மணி அடிக்கும். சும்மா இருக்க முடியாமல் அதை நோண்டுவது அவன் குணம்.

டக்.

ஸ்லைடில் ஓர் அணுவைக் காணவில்லை.

டக். இன்னொன்று. மரத்துப்போனது விரலிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது.

“நிறுத்துடா.” வாய் அசைந்தது. குரல் இல்லை.

டக். டக். டக்.

முழங்கை. தோள். கழுத்து.

“மணி அடிக்கிற வரைக்கும்தானேக்கா?” என்றான், பாசமாக.

ஸ்லைடில் வெறும் வெளிச்சம்.

மணி அடித்தது. தம்பி கருவியைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தபடியே மறுபடி பொத்தானில் விரலை வைத்தான்.