கேட்டுக் குடிப்பவன்

பதினான்காவது எபிசோடில், பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த ஜப்பானிய ஊருக்குப் பின்னால் கொல்லிமலை தெரிந்தது.

தமிழினி முதலில் நம்பவில்லை. கட்டிலில் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், போன் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, மலை என்றால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் பதினேழு வருடமாக எருமப்பட்டி வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் பார்த்த முகடு அது. நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்து, கிழக்கே சரிந்து இறங்கும் அதே விளிம்பு. யாரோ உட்கார்ந்து பார்த்து வரைந்ததுபோல் இருந்தது.

"கிருத்தி, இது நம்ம மலையாட்டமே இல்ல?"

கிருத்திகா கண்ணைத் திருப்பவில்லை. "நாலு நாளா அங்கதான்க்கா இருக்குது. நீ இப்பத்தான் பாக்கற."

கிருத்திகாவுக்குப் பதினொரு வயது. ஒரு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல் போய்விட்டது, சோர்வு போகவில்லை. படுத்த இடத்திலேயே அப்பாவின் பழைய போனில் ரத்தம் குடிப்பவர்களைப் பற்றிய இந்த ஜப்பானியக் கார்ட்டூனை, வாம்பயர் அனிமேயைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். உடம்பில் ரத்தம் ஆறு பாயிண்ட்தான் இருக்கிறது என்றார் நாமக்கல் டாக்டர். டானிக்கும் மாத்திரையும் கொடுத்து மறுவாரம் பார்த்தால் ஐந்தரை. அப்பா தனசேகர் முட்டை லாரியோடு போனால் திரும்ப ஒரு வாரம் ஆகும். அம்மா சரிதாவுக்குக் கோழிப்பண்ணையில் சாயங்கால வேலை. சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போகவேண்டிய தமிழினி, "அடுத்த வருசம் பாத்துக்கலாம்மா" என்று தானாகவே நின்றுவிட்டாள். அவள் தட்டில் விழும் ஈரல் துண்டெல்லாம் தங்கை தட்டுக்குப் போய்விடும். யாரும் கேட்டு அவள் கொடுத்ததில்லை. கேட்பதற்குள் கொடுத்துவிடுகிற பிறவி.

திரையில் ஒரு பையன் பனியில் நின்று ஒரு வீட்டுக் கதவைத் தட்டினான். நாவோ என்று பெயர். வாம்பயர் குலத்தவன்தான், ஆனால் மற்றவர்களைப்போலப் பாய்ந்து கடிக்கமாட்டான்.

"ரொம்ப நல்லவன்க்கா. கேட்டுட்டுத்தான் குடிப்பான்."

"உங்கிட்ட கேட்டானாக்கும்?" என்று சிரித்தாள் தமிழினி.

"ம். சரின்னுட்டேன். பாவம்க்கா, அவனுக்கு வேற என்ன வழி?"

சிரிப்பு நின்றது. தமிழினி தங்கையின் கையைப் பிடித்துத் திருப்பினாள். முழங்கை மடிப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். கொசு என்று அம்மா தேங்காயெண்ணெய் தடவிவிட்ட இடம். கொசு இப்படி அளவெடுத்தா கடிக்கும்?

மறுநாள் சாயங்காலம் அம்மா பண்ணைக்குக் கிளம்பினாள். "கதவச் சாத்திக்க சாமி. எட்டு மணிக்கெல்லாம் வந்துர்றேன். புள்ளைக்குக் கஞ்சி ஊத்திக் குடு."

அம்மாவின் வண்டிச் சத்தம் தேய்ந்ததும், சார்ஜ் தீர்ந்து அணைந்துகிடந்த போனை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினாள் தமிழினி. அழுது ஆர்ப்பாட்டம் செய்வாள் என்று எதிர்பார்த்த தங்கை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாள்.

பொழுது இறங்கியது. எப்போதும் இந்நேரத்துக்குப் பண்ணைப் பக்கமிருந்து கோழிகள் அடங்குகிற இரைச்சலும், காற்று திரும்பினால் மூக்கைப் பிடிக்கவைக்கும் எருநாற்றமும், மெயின்ரோட்டில் கியர் மாற்றிப் போகிற லாரிகளின் முனகலும் ஒன்றோடொன்று கலந்து வீட்டுக்குள் வரும். பழகிப்போய் அவள் காதில் விழாத அந்தச் சத்தங்கள் இன்று ஒவ்வொன்றாக நின்றுபோவது மட்டும் காதில் விழுந்தது. முதலில் லாரிகள். பிறகு கோழிகள். கடைசியில் நாற்றமும் போய், அந்த இடத்தில் ஃப்ரீஸரைத் திறந்தால் வருவதுபோல ஒன்றுமே மணக்காத ஒரு குளிர் வந்து நின்றது. சித்திரை மாசம். ஃபேனை நிறுத்தினாள். குளிர் குறையவில்லை.

கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்தவள் கட்டிலருகே நின்றுவிட்டாள். தூங்குகிற தங்கையின் வாயிலிருந்து மூச்சு வெள்ளைப் புகையாக வந்தது.

பீரோவுக்குள் காற்று வீசுகிற சத்தம் கேட்டது.

பனியில் நடக்கிற காலடி. ஒன்று. இன்னொன்று. இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் வெகுதூரத்தில் இருந்தது, பிறகு அவ்வளவு தூரத்தில் இல்லை. தமிழினி தம்ளரைக் கீழே வைத்தாள். சாவி இரண்டு முறை நழுவியது. ஓடிப்போய் அடுத்த வீட்டுச் செல்லியம்மாளைக் கூப்பிடலாம். ஆனால் தங்கையை விட்டுவிட்டா?

திறந்தாள்.

சார்ஜ் இல்லாத போன் எரிந்துகொண்டிருந்தது. திரையில் அவர்கள் தெரு. மையால் வரைந்த தெரு. வரிசையாகப் பண்ணை விளக்குகள், அவற்றின்மேல் பனி. அவர்கள் வீட்டுக் கதவு. கதவுக்கு முன்னால் நாவோ. அவன் கையை ஓங்கினான்.

வாசல் கதவு தட்டப்பட்டது.

திரையில் இல்லை. வாசலில்.

கிருத்திகா தூக்கத்திலேயே, "வாங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். தமிழினி பாய்ந்துபோய் அவள் வாயைப் பொத்தினாள். உள்ளங்கையில் பட்ட உதடு ஐஸ் கட்டி. மூச்சு இருந்தது. அடுத்த மூச்சு வர நேரமாயிற்று. அதற்கடுத்தது இன்னும் நேரமாயிற்று.

"வேண்டாங்க," என்றாள் கதவைப் பார்த்து. "அவ சின்னப் புள்ளைங்க. அவ உடம்புல ஒண்ணுமே இல்லீங்க. விட்ருங்க."

பதில் ஜப்பானிய மொழியில் வந்தது. அவளுக்குப் புரிந்தது. எனக்கு வேறு வழியில்லை என்றது குரல். கெஞ்சுகிற குரல். அவனுக்கும் அவள் வயதுதான் இருக்கும்.

யோசிக்கவில்லை. அவள் எப்போதும் யோசித்ததில்லை. "எங்கிட்ட எடுத்துக்கங்க."

எல்லாவற்றையுமா என்றது குரல், மெதுவாக.

"எல்லாத்தையும்."

எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தொட்டாள். விரல்களைச் சுற்றி, வரைந்த படத்தில் இருப்பதுபோல, மெல்லிய கறுப்புக் கோடு ஓடியது. மணிக்கட்டுக்கு ஏறியது. தோலின் ரேகைகள் அழிந்தன. வலிக்கவில்லை. கதவு திறந்தது.

பனி.

திரும்பிப் பார்த்தாள். கதவு இல்லை. வெளிச்சமான ஒரு செவ்வகம் மட்டும். அதற்குள் அவர்கள் வீடு. கட்டில். கட்டிலில் கிருத்திகா எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் நாவோ நின்றான். அவனைச் சுற்றியிருந்த கறுப்புக் கோடு கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் பருக்கள் தெரிந்தன. நெற்றியில் வியர்வை. அவன் கையெடுத்துக் கும்பிட்டான், அழுதான், பிறகு பனியில் விழுந்து எழுந்து ஓடினான். திரும்பிப் பார்க்கவேயில்லை.

செவ்வகத்துக்குள் அம்மா வந்தாள். "பசிக்குதும்மா" என்றாள் கிருத்திகா. எத்தனை நாளுக்குப் பிறகு! அம்மா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு தட்டு எடுத்துவைத்தாள். மூன்றாவதைத் தேடவில்லை. யாரையும் கூப்பிடவில்லை.

பரவாயில்லை என்று நினைத்தாள் தமிழினி. தங்கையின் கன்னத்தில் நிறம் ஏறிக்கொண்டிருந்தது. அது போதும். அது போதும் என்று நினைக்கும்போதே தொண்டை வறண்டது. பனியை அள்ளி வாயில் போட்டாள். காகிதம். இன்னும் அள்ளினாள். காகிதம்.

சாப்பிட்டுவிட்டு வந்து கிருத்திகா போனைக் கையில் எடுத்தாள். அவள் முகம் செவ்வகம் முழுக்க நிறைந்தது.

"அம்மா, புதுசா ஒரு அக்கா வந்துருக்குதும்மா."

"யாரு கண்ணு?"

"தெரியலம்மா." இன்னும் கிட்டே குனிந்தாள். "பாவம், ரொம்பத் தாகமாட்டம் இருக்குது."

அவள் நின்ற உலகம் முழுவதும் கறுப்பு வெள்ளையாக இருந்தது. தங்கையின் கழுத்தில் ஒரே ஒரு நரம்பு மட்டும் சிவப்பாகத் துடித்துக்கொண்டிருந்தது. தமிழினி பார்க்காமலிருக்கக் கண்ணை இறுக மூடினாள். வாய் மூடவில்லை.