ஆறாம் நம்பர் கதவு

ஆறாம் நம்பர் ஃபோல்டரில் ஒரு படம் கூடுதலாக இருந்தது.

ரேணுகா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எஸ்டேட் ஆபீசின் அந்தப் பழைய கம்ப்யூட்டர் மழைக்காலத்தில் யார் பேச்சையும் கேட்காது. மானிட்டருக்குப் பின்னாலிருந்து எந்நேரமும் ஈர அட்டையின் நாற்றம் வரும், பெட்டிக்குள் எலி குடும்பம் நடத்துவது போல ஏதோ கரகரத்துக்கொண்டே இருக்கும். வாசல், முன்னறை, அடுப்படி, குடும்பம் என்று வீட்டுக்கு நான்கு படம்தான் எடுத்திருந்தார்கள். ஐந்தாவதைத் திறந்தாள். அதே அடுப்படிதான். ஆனால் இப்போது அடுப்பின் மேல் மூக்கு நசுங்கிய ஒரு அலுமினியக் கெட்டில் இருந்தது, மூடியில் குமிழுக்குப் பதிலாகக் கறுப்பு நூல் சுற்றியிருந்தது. அந்த நூலைச் சுற்றியவள் ரேணுகா. அது அவள் வீட்டுக் கெட்டில்.

அடுப்படிதான் அவளுடையதல்ல. ஆறாம் நம்பர் என்று மேலே பெயர் இருந்தாலும் உள்ளே இருந்தது ஐந்தாம் நம்பர், பக்கத்து வீட்டுத் தெய்வம்மாவின் வீடு. அப்படி மாற்றி வைத்ததும் ரேணுகாவேதான்.

தேயிலை விலை படுத்துவிட்ட காலம் அது. ஓவேலிப் பக்கம் ஃபேக்டரிகள் பாதி நாள் மூடிக் கிடந்தன. ஆட்கள் ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூருக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் நன்றாக இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு, ஒழுகுவதையும் சாய்ந்ததையும் இடித்துவிடக் கம்பெனி முடிவு செய்தது. வீடு போனால் வேலையும் போன மாதிரிதான், எஸ்டேட்டில் இரண்டும் ஒன்று. வீடு வீடாகப் போட்டோ எடுத்து, வீட்டுக்கு ஒரு ஃபோல்டராக அடுக்கி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. குன்னூரிலிருந்து ஆள் வந்து இந்தக் கம்ப்யூட்டரிலேயே பார்த்து முடிவு சொல்வார். கிளார்க் சுரேந்திரன் போட்டோ எடுத்தார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ரேணுகாவை, பத்தாவது படித்தவள் என்பதற்காக, அடுக்கும் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

“ஏனுங்க ரேணுகா, ரெண்டு டேப் திறந்து வெச்சுக்கங்க” என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். “ஒன்னுல நம்ம லயம். இன்னொன்னுல கம்பெனிக்குக் காட்டறது. இதுல இருந்து ஃபோல்டரைப் புடிச்சு இழுத்து அதுல உடுங்க. நகர்த்தவா, நகலெடுக்கவா, இணைக்கவான்னு கேக்கும். இணைன்னு குடுங்க. நகலெடுத்தா இந்தக் கம்ப்யூட்டர்ல எடம் பத்தாதுங்க.”

“இணைச்சா என்னாங்க சார் ஆவும்?”

“இங்க வெறும் கதவு மட்டும்தானுங்க இருக்கும். ஊடு அங்கயேதான். கதவைத் தெறந்தா அங்க போய் நிப்பீங்க. அங்க ஒன்னு சேர்ந்தா இங்கயும் தெரியும், அங்க போச்சுன்னா இங்கயும் போச்சு.”

அவள் கற்பூரம் போலப் பிடித்துக்கொண்டாள். ஒரு டேபிலிருந்து இழுத்தாள், அடுத்த டேபில் விட்டாள், இணை. ஒவ்வொரு ஃபோல்டரின் மூலையிலும் சின்னதாக ஒரு வளைந்த அம்பு விழுந்தது. ஐந்தாம் நம்பர் வந்தபோதுதான் கை நின்றது.

பொறாமைதான். வேறு பேர் வைத்து மறைக்க ஒன்றுமில்லை. லயத்தின் கடைசி இரண்டு வீடுகள் ஐந்தும் ஆறும், நடுவே ஒற்றைச் சுவர். அந்தச் சுவர் வழியாகத் தெய்வம்மா வீட்டுக் கருவாடு வறுபடும் மணமும், அவள் புருஷன் காத்தமுத்து ஏதோ சொல்ல அவள் அடக்க முடியாமல் சிரிக்கிற சத்தமும், கதகதப்பான விறகுப் புகையும் ஒவ்வொரு சாயங்காலமும் ஆறாம் நம்பருக்குள் வரும். இங்கே ரேணுகா ஒழுகும் கூரைக்கடியில் பேசினை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருப்பாள், அவள் புருஷன் சசிதரன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். அதே லயம், அதே கூலி, இருவர் பெற்றோரும் ஒரே கப்பலில் சிலோனிலிருந்து வந்தவர்கள். பிறகு அவள் தரையில் மட்டும் எப்படி அந்தப் பளபளப்பு? அவள் வாசலில் மட்டும் எப்படி டேலியா பூக்கிறது? பெற்ற மகள் வாசுகியே பள்ளிக்கூடம் விட்டதும் முதலில் ஏறுவது அந்த வாசலில்தான். பிள்ளை இல்லாத தெய்வம்மா அதை வாரி எடுத்துக்கொள்வாள். பார்க்கும்போதெல்லாம் ரேணுகாவுக்கு வயிறு எரியும்.

அன்று சுரேந்திரன் வெளியே பீடி பிடிக்கப் போனதும் அவள் ஐந்தாம் நம்பரை இரண்டாவது முறையும் இழுத்துவந்து விட்டாள். இணை. புதிதாக வந்ததற்கு ஆறு என்று பெயர் போட்டாள். பழைய டேபில் இருந்த தன்னுடைய நிஜமான ஆறாம் நம்பரை, ஒழுகும் கூரையும் கரி பிடித்த சுவருமாக, குப்பையில் தள்ளிக் குப்பையையும் காலி செய்தாள். கம்பெனி ஆள் வந்தார். “ஆறாம் நம்பரும் பரவாயில்லையே, நல்லா வெச்சிருக்காங்க” என்று குறித்துக்கொண்டு போனார். ஐந்தும் தப்பியது, ஆறும் தப்பியது. ஒருவருக்கும் நட்டமில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது இந்தக் கெட்டில்.

சுரேந்திரன் எடுத்திருப்பார் என்று பார்த்தால், அவர் ஆபீசை அவளிடம் விட்டுவிட்டு, சொந்தக்காரர் கல்யாணத்துக்கென்று அன்னூருக்குப் போய்விட்டார், கேமராவும் அவரோடு போய்விட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நேரே அடுப்படியில் நுழைந்தாள். கெட்டில் இருந்த இடத்தில் வட்டமாகக் கரிக்கறை இருந்தது.

“கெட்டில் எங்கங்க?”

“எந்தக் கெட்டில்?” என்றான் சசிதரன். விளையாட்டுக்குக் கேட்பவன் முகம் இல்லை அது. “நம்ம சட்டியிலதானே தேத்தண்ணி போடுவோம்.”

அவள் பக்கத்து வீட்டுக்குப் போனாள். தெய்வம்மா நூல் சுற்றிய மூடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு கெட்டிலிலிருந்து டம்ளரில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“வா புள்ள. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ.”

“இந்தக் கெட்டில் ஏதுக்கா?”

“இதுவா? எங்கம்மா மண்டபம் கேம்ப்ல வாங்குனது. நீதான் எத்தன தடவ பாத்திருப்ப.”

திருடி. அப்படித்தான் ரேணுகாவுக்குத் தோன்றியது. திருடிவிட்டு அம்மா பெயரையும் இழுக்கிறாள். பயம் வரவேண்டிய இடத்தில் ஆத்திரம் வந்து உட்கார்ந்துகொண்டது. கெட்டிலின் நசுங்கிய மூக்கு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. தேநீர் குடிக்காமல் திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஃபோல்டரில் படங்கள் சேர்ந்துகொண்டே போயின. ஒவ்வொரு நாளும் ஆபீசுக்கு வந்ததும் அவள் செய்யும் முதல் வேலை இரண்டு டேபையும் திறப்பதுதான். ஒன்றில் தெய்வம்மாவின் ஐந்து. இன்னொன்றில் அம்பு போட்ட தன் ஆறு. இரண்டிலும் ஒரே படங்கள். தெய்வம்மா வீட்டு ஆணியில் சசிதரனின் பச்சைக் கம்பளித்தொப்பி. தெய்வம்மா வீட்டு மூலையில் அவர்களுடைய கோரைப்பாய். தெய்வம்மா வீட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் ரேணுகாவின் கல்யாணப் போட்டோ. அதில் மாப்பிள்ளை மட்டும் இருந்தான், பக்கத்தில் திரைச்சீலைதான் தெரிந்தது.

வீட்டில் அந்தந்த இடங்கள் காலியாகிக்கொண்டு வந்தன. ஆணி இருந்தது, தொப்பி இல்லை. கூரை ஒழுகுவதுகூட நின்றுவிட்டது. பேசினில் சொட்டும் சத்தத்துக்குப் பழகிய காதுக்கு அந்த அமைதி என்னவோ செய்தது. உலை வைத்தாலும் சோறு மணக்கவில்லை. ஆனால் சுவருக்கு அந்தப்பக்கம் சிரிப்பு அதிகமாகியிருந்தது. காத்தமுத்துவின் சிரிப்பு, தெய்வம்மாவின் சிரிப்பு, நடுவே இன்னொரு ஆணின் சிரிப்பு. சசிதரன் சிரித்து அவள் கேட்டு எத்தனை வருஷமாயிற்று!

அந்த இணைப்பை எடுத்துவிட்டால் போதும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் எடுத்தால், கம்பெனி ஆள் இன்னொரு தரம் பார்க்க வரும்போது ஆறாம் நம்பருக்குள் காட்ட ஒரு படமும் இருக்காது. வீடு இடிபடும், திருப்பூர் பஸ்தான். தெய்வம்மா மட்டும் டேலியாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இங்கேயே இருப்பாள். மவுசை நகர்த்தி அந்த அம்பின் மேல் கொண்டுபோய் வைப்பாள், பிறகு கையை எடுத்துவிடுவாள்.

அன்று மதியச் சோற்றுக்குப் பிறகே மூடுபனி இறங்கிவிட்டது. ஃபேக்டரி ஓடாத நாள், பெல்ட்டின் இரைச்சல் இல்லை. சில்வர் ஓக் மரங்களிலிருந்து தகரத்தில் சொட்டும் தண்ணீர் மட்டும் நின்று நின்று கேட்டது. ஆபீசில் அவள் ஒருத்திதான். ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் செடி தெரிந்தது, பிறகு அதுவும் மறைந்தது. பழுத்த இலையின் புளித்த வாடை கதவிடுக்கில் நுழைந்துகொண்டிருந்தது. இரண்டு டேபையும் திறந்தாள்.

குடும்பப் படம் மாறியிருந்தது.

டேலியாப் பூக்களுக்கு நடுவே தெய்வம்மா. ஒரு பக்கம் காத்தமுத்து. இன்னொரு பக்கம் சசிதரன், தலை வாரி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு. தெய்வம்மாவின் இடுப்பில் வாசுகி. சிவப்பு ஸ்வெட்டர், ரேணுகா இரவெல்லாம் உட்கார்ந்து பின்னியது. குழந்தை இரண்டு கையாலும் தெய்வம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது.

ரேணுகா அந்தப் படத்தில் இல்லை. நிற்க இடமும் விட்டிருக்கவில்லை.

“நாசமாப் போவ” என்றாள் சத்தமாக. “என் புள்ளயையுமா?”

எந்த டேபில் இருக்கிறோம் என்று பார்த்துக்கொண்டாள். அதில் தவறு வரக்கூடாது. அம்பு போட்டதல்ல. பழைய டேப். நிஜமான ஐந்து. தெய்வம்மாவின் தரை, தெய்வம்மாவின் அடுப்பு, தெய்வம்மாவின் பூ, எல்லாம் ஒழியட்டும். பிடித்தாள். அழி. நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம். திரும்பக் கிடைக்காது என்றது. ஆம்.

ஐந்து போய்விட்டது. திரையில் நான்குக்கு அப்பால் வெள்ளையாக இருந்தது.

மனது குளிர்ந்தது. அடுத்த டேபுக்குப் போனாள். ஆறு இருந்தது, அம்பும் இருந்தது. எழுத்து மட்டும் சாம்பல் நிறமாகியிருந்தது. திறந்தாள். அப்படி ஒரு இடம் இல்லை என்று வந்தது. மறுபடி திறந்தாள். இடம் இல்லை.

ஊடு அங்கயேதான். அங்க போச்சுன்னா இங்கயும் போச்சு.

நாற்காலி விழுந்தது. செருப்புப் போடவில்லை. லயத்துக்குப் போகும் குறுக்குப் பாதையில் பனி முகத்தில் ஈரத்துணியாக ஒட்டியது, செடிகள் காலைக் கீறின, மூச்சு வாங்கியது. சசி. வாசு. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பனிக்குள் போன குரல் திரும்பி வரவில்லை.

லயம் தெரிந்தது. முதல் வீடு. இரண்டு. மூன்று. நான்காம் வீட்டு வெள்ளியங்கிரி வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, தெய்வம்மாக்கா எங்கண்ணே?”

அவர் நிமிர்ந்தார். ஊருக்குப் புதிதாக வந்த ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“எந்தத் தெய்வம்மா? நாலு வூட்டோட லயம் முடிஞ்சுதுங்களே. நீங்க யாரும்மா?”

நான்குக்கு அப்பால் தேயிலை. பூமி பிறந்ததிலிருந்து அங்கேயே நிற்கிற மாதிரி, தண்டு பருத்த பழைய செடிகள். ஒரு செங்கல் இல்லை. ஒரு டேலியா இல்லை.

அதற்கும் அப்பால் ஒரு கதவு நின்றது.

அவள் வீட்டுக் கதவுதான். நீல பெயின்ட் உரிந்த கதவு. வாசுகி சுண்ணக்கட்டியால் கிறுக்கிய பூனை. நிலையில் ஆறு என்ற தகரம். இரு பக்கமும் சுவர் இல்லை, மேலே கூரை இல்லை. நடந்து பின்னால் போனாள். செடிகள். பனி. கதவின் முதுகு, ஈரத்தில் கறுத்த பலகை. முன்னால் வந்தாள்.

கருவாடு வறுபடும் மணம் வந்தது.

கதவிடுக்கில் மஞ்சளாக வெளிச்சம். கெட்டில் கொதிக்கும் சீழ்க்கை. காத்தமுத்து ஏதோ சொன்னான். சசிதரன் சிரித்தான். உள்ளே. ரொம்பப் பக்கத்தில்.

தள்ளினாள். திறக்கவில்லை. இரண்டு கையாலும் தட்டினாள். உள்ளே பேச்சு நின்றது. சின்னக் கால்கள் ஓடிவரும் சத்தம், தரையில் டப் டப் என்று. கதவுக்கு அந்தப்பக்கம் வந்து நின்றது. மூச்சு கேட்டது.

“அம்மா” என்றது வாசுகியின் குரல். “யாரோ கதவ தட்டுறாங்க.”

“வாசு! நான்தான் கண்ணு. அம்மா.”

“இந்தா வாரேன் கண்ணு” என்று அடுப்படியிலிருந்து தெய்வம்மா சொன்னாள். “அம்மா இங்கதான் இருக்கேன். தொறக்காத. அந்தப் பக்கம் வீடே இல்ல, பனிதான்.”

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.