பணம் எடுக்க முகம் காட்டவும்

செல்போனின் ஒலியை அவன் அணைத்ததும் குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றது.

தற்செயல் என்று வைத்துக்கொண்டு ஒலியை மறுபடி கூட்டினான். திரையில், பச்சைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் சீட்டுப் போடும் பெண் புன்னகைத்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் எங்கோ தண்ணீர் சொட்டியது. இவன் வீட்டுக் குளியலறையிலும் அதே தாளத்தில் சொட்டியது. உலகத்துக் குழாயெல்லாம் ஒன்றுபோலத்தான் சொட்டும் என்று தன்னையே தேற்றிக்கொண்டான். இதைவிடப் பெரிய விஷயங்களையெல்லாம் நம்பித்தான் அந்த மேசையில் பணம் வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மழைக்குப் பயந்து கூடத்துக்குள் கட்டிய கொடியில் துணிகள் காயாமல் புழுங்கி நாறின. படுக்கையறையிலிருந்து காதுக்கு விடும் சொட்டு மருந்தின் வாடை மெல்லக் கசிந்து வந்தது. உள்ளே மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடது காது எப்போதோ போய்விட்டது. வலது காது இப்போது போய்க்கொண்டிருந்தது. அதைக் காப்பாற்ற நாளைக் காலை அறுவை சிகிச்சை. தள்ளிப்போட்டால் பிறகு செய்து பயனில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருவரும் சேர்ந்து சேமித்த சிகிச்சைப் பணம் வங்கியில் பத்திரமாக இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மாத்திரை போடாமலே தூக்கம் வருவதற்கு அந்த நினைப்பே போதும். டாக்டர் சொன்னாரே என்று மாத்திரையும் போட்டிருந்தாள்.

பணம் கிரிப்டோ நாணயமாக மாறி, நாணயம் போனிலேயே சூதாடும் ஆன்லைன் கேசினோவுக்குள் போய்விட்டிருந்தது. வழி காட்டியவன் ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரன். ஒருமுறைகூட ஜெயித்ததில்லை என்பதால் அவனுக்கு ஜாக்பாட் என்று பெயர்.

"லைசென்ஸ் இருக்காடா அவனுங்களுக்கு?" என்று இவன் கேட்டதுண்டு.

"கீழ நம்பர் போட்டிருக்கு பாரு."

எண்ணைத் தொட்டால் ஒரு தீவின் படம் வந்தது. கடல் நீலமாக இருந்தது. வேறு விவரம் இல்லை. இருந்தாலும் ரசனையுள்ள ஆட்கள் என்று இவனுக்குப் பட்டது.

போட்ட பணம் மூன்று மடங்காகித் திரையில் நின்றது. நின்றதே தவிர நகரவில்லை. 'எடு' பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ஒரு சக்கரம் சுற்றியது. உதவிப் பெட்டியில் எழுதினால், "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று பதில் வந்தது. இவனிடம் இல்லாத ஒன்றுக்கு நன்றி சொன்னார்கள். வேறு யாரிடம் போய் முறையிடுவது? தீவிடமா?

கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தான். ஈரத்துணி முகத்தில் உரசியது. விலக்கிவிட்டு நடந்தான். மறுபடி உரசியது.

போன் அடித்தது. மனைவியின் அண்ணன்.

"மாப்ள, காலைல வண்டியோட வந்துடுறேன். பணமெல்லாம் ரெடிதானே?"

"ரெடி மச்சான்."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? ஆபரேஷன் உங்களுக்கு இல்ல, அவளுக்கு."

"கொஞ்சம் சளி மச்சான்."

"சரி, கஷாயத்தக் குடிங்க. அவளத் தைரியமா இருக்கச் சொல்லுங்க."

வைத்ததும் திரையில் ஒரு வரி வந்திருந்தது. 'பணம் எடுக்க முகம் காட்டவும்.'

வேறு யாராக இருந்தாலும் இங்கே சந்தேகப்பட்டிருப்பார்கள். இவனுக்கு மரியாதை வந்தது. இவன் பிழைப்பே அதுதான். ஒரு வங்கிக்காக வாடிக்கையாளர்களை வீடியோவில் அழைத்து, இடது பக்கம் திரும்புங்க, வலது பக்கம் திரும்புங்க, கண்ணைச் சிமிட்டுங்க, சிரிங்க என்று சொல்லி, எதிரில் இருப்பது உயிருள்ள மனிதர்தான் என்று டிக் அடிக்கும் வேலை. முகத்தைக் கேட்கும் கம்பெனி ஒழுங்கான கம்பெனி என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. திருடன் எவனாவது இவ்வளவு மெனக்கெடுவானா?

சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு பொத்தானை அழுத்தினான்.

எதிர்ப்பக்கம் படம் இல்லை. கறுப்பு. அதற்குள்ளிருந்து ஒரு குரல்.

"பயப்படாதீங்க சார். இது வழக்கமான நடைமுறைதான்."

இவன் தினமும் சொல்லும் அதே வாக்கியம். இவன் நிறுத்தும் இடத்தில் அதுவும் நிறுத்தி மூச்சு வாங்கியது. திரும்பச் சொன்னது, திரும்பினான். சிமிட்டச் சொன்னது, சிமிட்டினான். சிரிக்கச் சொன்னபோதுதான், அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று முதல்முறையாகத் தெரிந்தது.

"உங்களுக்கு முடிஞ்சுது சார். இன்னொருத்தர் பாக்கி."

"இன்னொருத்தர் யாரு? கணக்கு என் பேர்லதானே இருக்கு?"

"பணத்துல பாதி அவங்களுது சார்."

அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை. ஜாக்பாட்டிடம்கூட.

"அவ தூங்குறா. காலைல பாத்துக்கலாமே?"

"காலைல பணம் வேணுமே சார் உங்களுக்கு."

குரலில் மிரட்டல் துளியும் இல்லை. கனிவுதான் இருந்தது. கேமராவைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனான். நொடி நேர வேலை, முகத்தைக் காட்டிவிட்டு வந்துவிடலாம், அவளுக்குத் தெரியவே போவதில்லை, அவளுக்காகத்தானே இதெல்லாம் என்று போகும் வழியெல்லாம் தனக்குள் வாதாடிக்கொண்டே போனான். எதிர்த்து வாதாட ஆள் இல்லாததால் வழக்கு சுலபமாக ஜெயித்தது.

அறைக்குள் மருந்து வாடை கனத்தது. அவள் வலது பக்கம் சாய்ந்து படுத்திருந்தாள். கேட்கிற காது தலையணைக்குள் புதைந்திருந்தது. அப்படிப் படுத்தால் இடி விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது. திரையின் வெளிச்சம் அவள் கன்னத்தில் ஊர்ந்தது.

"இடது பக்கம் திரும்பட்டும் சார்."

"எழுப்ப முடியாது. மாத்திரை போட்டிருக்கா. காதும் கேக்காது."

"நாங்க சொல்லிக்கிறோம்."

போன் அமைதியானது. இவன் காதுக்கு ஒன்றும் வரவில்லை.

அவள் திரும்பினாள்.

தூக்கத்தில் புரள்வதுபோல இல்லை. கழுத்து மட்டும். இடது பக்கம். நின்றது. வலது பக்கம். நின்றது.

கண்கள் திறந்தன. சிமிட்டின. விழிக்குள் அவள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய்..." என்றான்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கேமராவைப் பார்த்தாள்.

சிரித்தாள்.

சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வது அவள் பழக்கம். இது பொத்திக்கொள்ளவில்லை. கைகள் மடியில் கிடந்தன.

"சரிபார்ப்பு முடிஞ்சுது சார். நன்றி."

போன் அதிர்ந்தது. பணம் வந்துவிட்டது. முழுப் பணமும். சல்லிக்காசு பிடிக்கவில்லை. அந்த விஷயத்தில் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

"போதும்டி," என்றான். "முடிஞ்சிருச்சு. படு."

சிரிப்பு அப்படியே இருந்தது.

தோளைத் தொட்டான். கையை எடுத்துக்கொண்டான்.

திரையில் மேசை தானாகத் திறந்தது. பச்சைத் துணி. சீட்டுக்கட்டு. பழைய பெண் இல்லை.

அந்த நாற்காலியில் மனைவி இருந்தாள்.

அதே நைட்டி. ஒரு பக்கம் அழுந்திய முடி. வலது கன்னத்தில் தலையணையின் மடிப்புக் கோடுகூட அழியவில்லை. அவள் கைகள் சீட்டுப் போட்டன. வேகமாக. பழகிய கைபோல. முகம் அந்தக் கைகளோடு சேரவே இல்லை. அது அலைந்தது. தேடியது. இவனைக் கண்டுகொண்டது.

உதடுகள் அசைந்தன. என்னங்க. என்னங்க.

பிறகு, இவன் பதில் சொல்வான் என்ற நம்பிக்கையோடு, வலது காதைத் திரைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுவந்து வைத்துக் காத்திருந்தாள். கைகள் சீட்டுப் போட்டபடியே இருந்தன.

அவன் கத்தினான். திரையை வாயோடு வைத்துக்கொண்டு கத்தினான். இங்க பாரு. இந்தப் பக்கம் திரும்பு. என்னைப் பாரு.

திரையில் இருந்தவளுக்குக் கேட்கவில்லை.

கட்டிலில் இருந்ததற்குக் கேட்டது. இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் திரும்பியது. பிறகு அவனைப் பார்த்தது.

சிரிப்பை இன்னும் கொஞ்சம் அகலமாக்கிக்கொண்டது.