ஏழாவது ஸ்விட்ச்

ஸ்விட்ச் அணைந்துதான் இருந்தது. ஆனாலும் ஏழாவது ஆம்ப்ளிஃபையரின் மேல் கை வைத்தால் சுட்டது, சற்று முன்புவரை யாரோ அதை வேலை வாங்கிக்கொண்டிருந்த மாதிரி. பல்செட்காரர் கையை உதறிக்கொண்டு பக்கத்தில் இருந்த ஆறையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஆறும் ஜில்லென்று இருந்தன. நாலு மாதத்தில் இந்த இடத்தில் எரிந்துபோன மூன்றாவது ஆம்ப்ளிஃபையர் இது.

பல்செட் செய்வது அவருக்குத் தொழில். மற்றவர்கள் வாய்க்குப் பல் கடைந்து கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், தன் காதுக்காக மட்டும் வாழ்கிற மனிதர். கூடத்தைச் சுற்றி ஏழு ஸ்பீக்கர்கள். ஏழு பெட்டிகளும் அவரே பலகை அறுத்துத் திருகு முடுக்கியவை. ஒவ்வொன்றுக்கும் தனி ஆம்ப்ளிஃபையர், தனி ஸ்விட்ச். கடையில் விற்கிற எல்லாம்-ஒன்றாக-இருக்கும் பெட்டி என்றால் அவருக்கு இளக்காரம். கூடத்தின் நடுவில் ஒரே ஒரு ரெக்ஸின் நாற்காலி. ஏழு பக்கத்துச் சத்தமும் சரியாக வந்து சேருகிற இடம் ஓர் ஆளுக்குத்தான் உண்டு என்பார். அந்த ஆள் யார் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

நாற்காலிக்குப் பின்னால், இடது காதுப் பக்கம் இருந்த ஏழாவது ஸ்பீக்கர் இரண்டு வருஷம் வேறு வேலை பார்த்தது. மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோன பிறகு, அவள் கட்டிலின் தலைமாட்டில் ஒரு மைக் பொருத்தி, ஒயரை இழுத்து ஏழாவதில் கொடுத்திருந்தார். அவள் கூப்பிட்டால் பாட்டுக்கு நடுவிலும் கேட்கும். வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். பொண்டாட்டியை எப்படித் தாங்குகிறார் பாருங்கள் என்றார்கள். தலையணையில் தலை வைத்துப் பேசினால் மட்டும் எடுக்கிற அளவுக்கு அந்த மைக்கை அவர் மட்டுப்படுத்தி வைத்திருந்தது யாருக்கும் தெரியாது. அவளுடைய இருமலும் முனகலும் பாட்டில் வந்து கலக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்றரை மணி. வயலின் மட்டும் தனியாக, மூச்சு விடுகிற அளவுக்கு மெல்ல இறங்கி வருகிற இடம். சரியாக அப்போது பின்னாலிருந்து, "ஏங்க..." என்றது ஏழாவது.

அவர் "ச்சே" என்றார். எழுந்து போய் ஏழாவது ஸ்விட்சை அணைத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். இசைத்தட்டு முடிய இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. அவளுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

"தூக்கத்துலயே போயிட்டாம்மா," என்று மச்சினியிடம் சொன்னார். நாலு மாதமாகச் சொல்லிச் சொல்லி, அவர் ராவித் தேய்க்கிற பல் மாதிரி அந்தப் பொய் வழவழப்பாகிவிட்டது. இன்று காலையும் போனில் அவள் கேட்டாள், "அக்கா கடைசியா ஒரு தடவைகூடக் கூப்பிடலையா மாமா?"

"கூப்பிட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்காதா?"

"அதுவும் சரிதான். நீங்கதான் மைக்கெல்லாம் வெச்சிருந்தீங்களே. அக்கா புடவையை எடுத்துக்க ஆறு மணிக்கு வர்றேன் மாமா."

மனைவி போன மறுவாரமே மைக் ஒயரைக் கழற்றிவிட்டு, ஏழாவதைப் பாட்டுக்குத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்துதான் எரிய ஆரம்பித்தது. கை வைத்தால் சுட்ட அந்த ஆம்ப்ளிஃபையரை நேற்று தூக்கிக்கொண்டு கடைக்குப் போனபோது, சாலிடர் அண்ணன் என்று ஊரே கூப்பிடுகிற அந்த ரிப்பேர்காரர் மூடியைத் திறந்து உள்ளே முகர்ந்து பார்த்தார்.

"எந்நேரமும் பாட்டு அலறுதா சார்?"

"பாட்டே போடலைங்க. ஸ்விட்சே அணைஞ்சுதான் இருந்துச்சு."

"சும்மா இருந்த சாமான் இப்படி எரியாது சார். இது மணிக்கணக்கா கத்தியிருக்கு."

பதிலுக்கு மூன்று ஆம்ப்ளிஃபையர்களைக் கொடுத்து அனுப்பினார். போட்டுப் பார்த்து, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருப்பித் தந்தால் போதும் என்றார். மூன்றாவதைத் தட்டிக் காட்டி, "இதுல இரைச்சலே கிடையாது. ஆன் பண்ணினதே தெரியாது," என்றார். அதைக் கேட்டதும் பல்செட்காரருக்கு வாயெல்லாம் பல்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்த கையோடு உட்கார்ந்துவிட்டார். வெளியே மழை வருகிற மாதிரி ஒரு மூட்டம். புது ஆம்ப்ளிஃபையர் எதுவானாலும் முதலில் பாட்டு எதுவும் கொடுக்காமல் வெறுமனே ஓடவிட்டு, ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்து அதன் சொந்த இரைச்சலைக் கேட்பது அவர் வழக்கம். இரைச்சல் குறைந்ததுதான் நல்ல ஜாதி.

முதலாவது கனமான பழைய மாடல். போட்டவுடன் 'ம்ம்ம்' என்று ஒரு முழக்கம், வயிற்றில் வந்து உட்கார்ந்தது. அதனடியில் வேறு ஏதோ ஏறி ஏறி இறங்குகிற மாதிரி இருந்தது. மின்சாரம் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அதைக் கழற்றிக் கீழே வைத்தார்.

இரண்டாவதில் முழக்கம் இல்லை, தூரத்தில் குழாய் திறந்திருப்பது போல மெல்லிய 'உஸ்' மட்டும். அதற்குள் அந்த ஏற்ற இறக்கம் இப்போது தெளிவாகக் கேட்டது. இழுக்கும்போது சளியில் உரசிக்கொண்டு வந்தது. விடும்போது வாயின் ஒரு ஓரத்தில் மட்டும் 'புஃப்' என்று காற்று வெளியேறியது. கோணிப்போன வாயால் மூச்சு விட்டால் அப்படித்தான் கேட்கும். இரண்டு வருஷம் கேட்ட மூச்சு அது. ஸ்பீக்கரின் துணியிலிருந்து டால்கம் பவுடரும் வேர்த்த தலையணையும் கலந்த வாடை மெல்ல வந்து மூக்கில் ஏறியது. அவர் காதை வெடுக்கென்று எடுத்தார்.

அப்போதே எழுந்து தெருவுக்குப் போயிருக்கலாம். பயம் இருந்தது, ஒளிப்பானேன். ஆனால் மூன்றாவது இருக்கிறதே. இரைச்சலே இல்லாதது.

மூன்றாவதை மாட்டினார். ஸ்விட்சைப் போட்டுவிட்டு, இந்தத் தடவை நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தார். நிஜமாகவே ஒன்றும் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்கிற சத்தம்தான் கேட்டது. மூச்சும் இல்லை. அப்பாடா என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒரு கட்டில் கிரீச்சிட்டது. அப்புறம், இடது காதுக்குப் பின்னால், இரைச்சல் துளியும் இல்லாத அந்த அமைதியில், உதடு பிரிகிற சத்தம்கூடக் கேட்கிற துல்லியத்தோடு:

"ஏங்க..."

தட்டுத் தடுமாறி எழுந்தவர், கைக்கு வந்த முதல் காரணத்தைப் பிடித்துக்கொண்டார். மைக். கழற்றிய ஒயர் எங்கேயோ உரசிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடுங்கி எறிந்தால் தீர்ந்தது.

சுவரோரமாகக் கிடந்த ஒயரின் ப்ளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, அதைச் சுருட்டியபடியே உள்ளறைக்குப் போனார். நாலு மாதமாகத் திறக்காத கதவு. நாற்காலியின் முதுகுக்கு நேர் பின்னால்தான் இருந்தது. உள்ளே எல்லாம் அப்படியே இருந்தது: கட்டில், மருந்துப் புட்டிகள், மடித்து வைத்த புடவைகள், தலைமாட்டில் அந்த மைக். மெத்தையில் ஓர் ஆளின் பள்ளம் இன்னும் எழும்பாமல் கிடந்தது.

ஒயர் எதிலும் செருகப்படவில்லை. ஒரு முனை மைக்கில், மறுமுனை அவர் கையில். இதில் சத்தம் போக வழியே இல்லை. மைக்கை விரலால் தட்டினார். கூடத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு முறை தட்டினார். இல்லை.

தட்டினால் எப்படிக் கேட்கும்? தலையணையில் தலை இருந்தால்தானே எடுக்கும். அவரே வைத்த அளவு அது. எதையும் முறையாகச் சோதிக்காமல் கழற்ற அவருக்குக் கை வராது. ப்ளக்கை இறுகப் பிடித்தபடி கட்டிலில் ஏறி, அந்தப் பள்ளத்தில் படுத்து, தலையணையில் தலை வைத்தார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

கூடத்தில் ஏழாவது ஸ்பீக்கர் சொன்னது: "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

ப்ளக் கையில் இருந்தது.

எழுந்திருக்கப் பார்த்தார். வலது கை வந்தது. வலது கால் வந்தது. இடது பக்கம் வரவில்லை. அது அங்கே இல்லவே இல்லை. வலது கையால் கட்டில் விளிம்பைப் பிடித்து இழுத்தார். பள்ளம் உள்ளே வாங்கிக்கொண்டது. ஒரு கன்னம் தொங்கியது. எச்சில் வழிந்து காதுக்குள் போனது.

திறந்த கதவு வழியாக நாற்காலியின் முதுகு தெரிந்தது. காலியான நாற்காலி.

ரெக்ஸின் 'சுஸ்ஸ்' என்று அமுங்கியது.

யாரோ உட்காருகிறார்கள்.

இசைத்தட்டு சுழலத் தொடங்கியது. வயலின். தனியாக. மெல்ல இறங்கி வருகிற இடம்.

கத்தினார். காப்பாத்துங்க என்று கத்தினார், மச்சினியைக் கூப்பிட்டார், நான் வேண்டுமென்று செய்யவில்லை, வேண்டுமென்று செய்யவில்லை என்று கதறினார். கோணிய வாயிலிருந்து ஒரே ஒரு சொல்தான் உருவாகி வெளியே வந்தது.

"ஏங்க..."

கூடத்தில், வயலினுக்கு நடுவே, ஏழாவதும் அதைத்தான் சொன்னது.

"ஏங்க... ஏங்க..."

"ச்சே," என்றது நாற்காலி.

அவள் குரல்.

ரெக்ஸின் நிமிர்ந்தது. ஒரு கால் நடந்தது. இன்னொரு கால் இழுபட்டது. நடை. இழுப்பு. நடை. ஸ்விட்சுகள் இருந்த பக்கம் போய் நின்றது. அவர் மூச்சையெல்லாம் திரட்டி இன்னொரு முறை கூப்பிட்டார். கூடத்தில் அந்தக் குரல் பாதிதான் கேட்டது.

டக்.

அதற்குப் பிறகு அவர் எவ்வளவு கூப்பிட்டும் சத்தம் அந்த அறையைத் தாண்டவில்லை. வயலின் மட்டும் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது ஆம்ப்ளிஃபையர் நல்ல தேர்வுதான், துளி இரைச்சல் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று முப்பத்தைந்து. மச்சினி வர ஆறு ஆகும்.

நாற்காலி மறுபடி அமுங்கியது. அதன் கைப்பிடி மேல் ஓர் இடது கை வந்து படிந்தது. இரண்டு வருஷமாக அசையாமல் கிடந்த கை. வளையல் சத்தம்கூட எழாமல், விரல்கள் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.